உறைந்த துப்பாக்கியும் பத்து நாய்களும்

மைனஸ் நாற்பதில் வெளியே கிடந்த இரும்பை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் அது வியர்க்கும். வியர்த்ததைத் திரும்ப வெளியே எடுத்துப் போனால் அந்த ஈரம் உள்ளுக்குள்ளேயே உறைந்துவிடும். யூகான் ஆற்றங்கரையில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடரி, பூட்டு, துப்பாக்கி எல்லாமே குளிர்காலம் முழுக்க வாசலுக்கு வெளியேதான். ஐம்பத்து நான்கு வயது வரை நான் அந்த வழக்கத்தை மீறியதில்லை.

அந்த மார்ச் மாதம் ஆற்றுப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். நானூறு மைல், எட்டுச் சாவடிகள், ஆளுக்கு ஒரு பனிவண்டி, வண்டிக்குப் பத்து நாய்கள். எனக்கு அது பதினோராவது முறை. என் பத்தில் ஆறு ஒரே ஈற்றில் பிறந்தவை. ஆறுக்கும் மசாலாப் பெயர்கள் வைத்திருந்தேன். முன்னால் ஓடும் ஜோடி ஜிஞ்சரும் பெப்பரும். அவற்றுக்கு அடுத்த வரிசையில் க்ளோவ் என்ற பெட்டை.

ஐந்தாவது சாவடியான சாமன் பெண்டுக்கு நான்கு மைல் முன்னால் ஆற்றுப் பனிக்கட்டியின் மேல் தண்ணீர் ஏறி நின்றிருந்தது. மேலே புதுப்பனி மூடியிருந்ததால் தெரியவில்லை. நாய்கள் தாண்டிவிட்டன, வண்டி சாய்ந்தது, நான் கையும் முழங்காலும் ஊன்றி விழுந்தேன். கோட்டின் கைகளும் மார்புக்குக் கீழே முழுவதும் நனைந்தன. சாவடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கோட்டு தகரம்போல் ஆகிவிட்டது.

விடிய இன்னும் நேரம் இருந்தது. வழக்கப்படி முதலில் நாய்களைக் கவனித்தேன். அவற்றின் காலுறைகளைக் கழற்றி, வைக்கோல் பரப்பி, மீன்கஞ்சி ஊற்றினேன். என் கோட்டின் மார்புப் பையில், வெளிப்பக்கம், ரிவால்வர் இருக்கும். சாவடிக்குள் நுழையுமுன் அதை எடுத்து வண்டிப் பைக்குள் போட்டுவிடுவது என் பழக்கம். அன்று விரல்கள் மடங்கவில்லை. கோட்டையே கழற்றி வண்டியின் கைப்பிடி மேல் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

அந்தச் சாவடியை நடத்துபவள் ஃபெடோரா. பள்ளிக்கூடச் சமையல்காரி, பந்தய வாரத்தில் மட்டும் சாவடிக்காரி. இரண்டு மணி நேரம் கழித்து அவள்தான் எழுப்பினாள்.

"எந்திரிங்க டெல்ஃபின். ரெண்டு மணி நேரம்னு சொன்னீங்க. பத்து நிமிஷம் என் கணக்குல சேத்து விட்டிருக்கேன்."

"என் கோட்டு?"

"அந்தா தொங்குது பாருங்க."

அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் அது தொங்கியது. தொட்டேன். காய்ந்திருந்தது. ஓரத்து ரோமம்கூடக் காய்ந்திருந்தது.

"வெளியில விட்டிருந்தேனே."

"ஆமா, பலகை மாதிரி வெறச்சுக்கிட்டு நின்னுச்சு. அத மாட்டிக்கிட்டு எப்படிப் போவீங்க? நீங்க வழியிலயே நின்னுருவீங்க, கோட்டு மட்டும் ஊர் போய்ச் சேரும்."

அவளை அணைத்துக்கொண்டேன். பிறகுதான் மார்புப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ரிவால்வர் கதகதப்பாக இருந்தது. வெளியே எடுத்தேன். குழல் முழுக்க முத்து முத்தாக நீர். ஃபெடோரா அதைக் கவனிக்கவில்லை. அவள் எனக்காக ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

இங்கே நான் செய்தது என் தப்பு, வேறு யாருடையதும் இல்லை. குழலையும் கைப்பிடியையும் சட்டைக் கையால் துடைத்தேன். ஆறு குண்டுகளையும் எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டேன். உள்ளே இருக்கும் சுருள்வில்லையும் பற்களையும் துடைக்கவில்லை. பக்கத் தகட்டைத் திறந்து அடுப்பருகே அரை மணி நேரம் வைத்திருந்தால் போதும். எனக்கு முன்னே நான்கு வண்டிகள்தான் போயிருந்தன. அரை மணி நேரம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

வெளியே க்ளெமென்ட் தன் நாய்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தான். என் தங்கையின் கணவன். சிறு வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவன். ஒவ்வொரு வருடமும் எனக்குப் பின்னாலோ முன்னாலோ ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பான்.

"என்ன மதினி, கோட்டெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. கல்யாணத்துக்கா?"

"உனக்கு முன்னாடி ஊர் போய்ச் சேந்து, நீ எந்தச் சாவடியில தூங்குறேன்னு உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லப் போறேன் மாப்ளே."

"சொல்லுங்க சொல்லுங்க. அவளுக்கும் ஒரு வாரம் நிம்மதி."

கிளம்பினேன்.

அந்த வருடம் பனி இடுப்பளவு. அப்படிப்பட்ட வருடங்களில் மூஸ் என்னும் பெரிய மான்கள் காட்டுக்குள் நடக்க முடியாமல் நாங்கள் மிதித்து இறுக்கிய தடத்துக்கு வந்துவிடும். ஒருமுறை ஏறிவிட்டால் இறங்காது. இறங்கினால் வயிறு வரை புதையும் என்று அதற்குத் தெரியும். எதிரே பத்து நாய்கள் வரிசையாக வந்தால் அதன் கண்ணுக்கு ஓநாய்க் கூட்டம்.

காலை பதினொரு மணி வாக்கில், கிளையாறு வில்லோப் புதர்களுக்குள் திரும்பும் இடத்தில், ஜிஞ்சர் நின்றுவிட்டாள். நாற்பது அடி தள்ளித் தடத்தின் நடுவே ஓர் ஆண் மூஸ். கொம்பு உதிர்ந்த தலை. விலா எண்ணிவிடலாம்போல் மெலிவு. குதிரையைவிட உயரம். காதுகள் பின்னால் மடிந்திருந்தன, பிடரி மயிர் நட்டுக்கொண்டிருந்தது.

பனிக்கொக்கியை மிதித்து வண்டியை நிறுத்தினேன். திரும்பிப் போக வழியில்லை. அந்த ஆழப் பனியில் பத்து நாய்களைத் திருப்பினால் கயிற்றில் சிக்கி ஒரே முடிச்சாகிவிடும். கத்திப் பார்த்தேன், வண்டியைத் தட்டினேன். நகரவில்லை. வானத்தைப் பார்த்து ஒரு குண்டு சுட்டால் பெரும்பாலும் விலகும். கையுறையை உதறிவிட்டு ரிவால்வரை எடுத்து மேலே தூக்கி விசையை இழுத்தேன்.

விசை நகரவில்லை. இரண்டு விரல் வைத்து இழுத்தேன். சுத்தியலைக் கட்டை விரலால் பின்னால் தள்ளினேன். எல்லாம் ஒரே வார்ப்பு இரும்புபோல நின்றது.

எனக்குக் கால் உண்டு, வண்டிக்குப் பின்னால் ஓடி மரத்தில் ஏறலாம். நாய்களுக்கு அந்த வழி இல்லை. பத்தும் ஒரே நடுக்கயிற்றில் கழுத்தும் முதுகுமாகக் கட்டப்பட்டவை. கட்டியது நான். அந்த மிருகம் வந்தால் அவை நின்ற இடத்திலேயே மிதிபட வேண்டியதுதான்.

கோட்டைத் திறந்து, கம்பளிச் சட்டையைத் தூக்கி, உள்சட்டையையும் தூக்கி, அந்த இரும்பை வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டேன். சுடுகிற இரும்புக்கும் மைனஸ் நாற்பது இரும்புக்கும் தோலுக்கு வித்தியாசம் தெரியாது. மூச்சு நின்றது. பல்லைக் கடித்துக் கோட்டை மேலே இழுத்து மூடிக்கொண்டேன். இனி நேரம்தான் வேண்டும். நேரத்தை அந்த மூஸிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பெரிய விலங்குகளிடம் வாய்த்துடுக்காகப் பேசமாட்டோம். குரலைத் தாழ்த்தினேன்.

"பெரியவரே, நாங்க ஓநாய் இல்ல. பத்தும் வீட்டு நாய். அந்தா வலப்பக்கம் நிக்குறானே, இடி இடிச்சாக் கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்குவான்."

மூஸ் மூக்கை நக்கிக்கொண்டது. அது நல்ல அறிகுறி இல்லை.

"வழி உங்களோடதுதான். நான் சண்டைக்கு வரல. உங்களுக்கும் இந்த வருஷம் சரியான சாப்பாடு கெடைக்கலன்னு பாத்தாலே தெரியுது. ரெண்டு எட்டு அந்தப் பக்கம் வச்சா நாங்க போயிருவோம். பின்னால என் தங்கச்சி புருஷன் வர்றான். அவன் பாட்டுப் பாடிக்கிட்டே வருவான். அதக் கேக்குறதவிட நீங்க காட்டுக்குள்ள போயிடறது நல்லது."

பேசிக்கொண்டே இருந்தேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சால்மன் மீன் குறைந்துபோனதைப் பற்றிச் சொன்னேன். நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு என் குரலைக் கேட்டு ஒவ்வொன்றாக அடங்கின. பெப்பர் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தான். வயிற்றில் முதலில் எரிந்தது, பிறகு குத்தியது, பிறகு அந்த இடமே இல்லாததுபோல் ஆனது. கோட்டுக்குள் விசையை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். பத்து நிமிடம் இருக்கும். விசை ஒரு நெல் அகலம் நகர்ந்தது.

அப்போது மூஸ் வந்தது.

தலையைத் தாழ்த்திக்கொண்டு தடத்தின் மேலேயே நேராக வந்தது. முன்கால்களால் மிதித்தது. ஜிஞ்சர் பக்கவாட்டில் பனிக்குள் உருண்டாள், கயிறு பெப்பரை இழுத்துக்கொண்டு போனது. அடுத்த வரிசையில் க்ளோவ் மேல் இரண்டு கால்களும் இறங்கின. அந்தச் சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ரிவால்வரை வயிற்றிலிருந்து பிய்த்தெடுத்தேன். நாய்கள் நடுவில் இருக்க அங்கிருந்து சுட முடியாது. பக்கவாட்டில் பனிக்குள் இறங்கி, இடுப்பு வரை புதைந்து, நீந்துகிற மாதிரி முன்னேறினேன். "இங்க பாருங்க, நான் இங்க இருக்கேன்" என்று கத்தினேன். அது தலையைத் தூக்கியது. நாய்களை விட்டு என்னை நோக்கித் திரும்பியது.

விசையை இழுத்தேன். இந்த முறை சுத்தியல் எழுந்தது, ஆனால் தூக்கக் கலக்கத்தில் விழுகிறவன்போல் மெல்ல விழுந்தது. டிக். வெடிக்கவில்லை.

ரிவால்வரில் ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு குண்டு ஏமாற்றினால் மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். இழுத்தேன். வெடித்தது. ஆறேழு அடி தூரம். கழுத்தில் பட்டது. கால் தடுமாறியது, நிற்கவில்லை. மூன்றாவது முறை இழுக்கும்போது அதன் மூச்சு என் முகத்தில் ஆவியாக அடித்தது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே பட்டது. முன்கால்கள் மடிந்து, என் இடது தோளை உரசிக்கொண்டு தடத்தின் ஓரமாகச் சாய்ந்தது. நான்காவதைக் காதுக்குப் பின்னால் வைத்துச் சுட்டேன், அது மேலும் துன்பப்படக் கூடாதென்று.

அதன் பிறகு சத்தமே இல்லை. எனக்குக் காது அடைத்திருந்தது.

நாய்களை எண்ணினேன். பத்து. ஒவ்வொன்றாகக் கால், முதுகு, வயிறு தடவினேன். ஜிஞ்சருக்கு உதட்டில் வெட்டு. பெப்பர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தான், எலும்பு முறியவில்லை. க்ளோவ் எழவில்லை. கண் திறந்திருந்தது, மூச்சு மேலோட்டமாக, வேகமாக இருந்தது. நாக்கு வெளுத்திருந்தது. அவளைத் தூக்கி வண்டிப் பைக்குள் படுக்கவைத்து, என் தூங்கும் பையைச் சுற்றினேன். அடுத்த ஊர் முப்பது மைல். அங்கே பந்தய மருத்துவர் இருப்பார்.

ஆனால் உடனே கிளம்ப முடியாது. எங்கள் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. வழியில் உயிரைக் காத்துக்கொள்ள யாராவது மூஸைச் சுட்டால், குடலை எடுத்து இறைச்சியைக் காப்பாற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். எடுக்காவிட்டால் எந்தக் குளிரிலும் வயிற்றுச் சூடே இறைச்சியைக் கெடுத்துவிடும். பின்னால் வருபவர் தாண்டிப் போகக் கூடாது, நின்று கைகொடுக்க வேண்டும். இறைச்சி அடுத்த ஊருக்கு. அறுநூறு கிலோ மிருகத்தைத் தனி ஆளாகப் புரட்டிக் குடலெடுக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆகும். க்ளோவுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று தெரியவில்லை. கத்தியை எடுத்தேன்.

பாதி வயிறு கிழிப்பதற்குள் புதருக்கு அப்பால் பாட்டுக் கேட்டது.

க்ளெமென்ட் வண்டியை நிறுத்திக் கொக்கி போட்டுவிட்டு வந்து பார்த்தான். மூஸைப் பார்த்தான், சிதறிக் கிடந்த கயிற்றைப் பார்த்தான்.

"என்ன மதினி, ஓட வந்தீங்களா, வேட்டைக்கு வந்தீங்களா?"

"பேசாம ஒரு கால் பிடி மாப்ளே."

பிடித்தவன் என் சட்டையைப் பார்த்து நிறுத்தினான். "இது யாரு ரத்தம்?"

"என்னோடதுதான். கொஞ்சம் தோல் போயிருக்கு. துப்பாக்கி ஒட்டிக்கிச்சு."

அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது. ரிவால்வரை எடுத்துத் திறந்து, வெடிக்காத குண்டைக் கையில் கொட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஊசி பட்ட இடம் கொசு கடித்த அளவுக்குத்தான் குழிந்திருந்தது.

"உள்ள கொண்டுபோனீங்களா?"

"உள்ள போயிருச்சு."

"நீங்களா?"

கழுத்தைத் திருப்பி வண்டிப் பையைக் காட்டினேன். "க்ளோவ் உள்ள கெடக்குறா. மிதிச்சிருச்சு."

அதற்கு அவன் ஜோக் அடிக்கவில்லை. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கை வரை உள்ளே கையை விட்டான். நானும். அந்தக் குளிரில் வேறெங்கும் கிடைக்காத சூடு அங்கே இருந்தது. என் விரல்களுக்கு உயிர் வந்தது அந்த மிருகத்தின் வயிற்றுக்குள்தான். என்னைக் கொல்ல வந்ததும் அதுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

பின்தொடையைப் புரட்டும்போது க்ளெமென்ட் காட்டினான். ஓநாய் கடித்த காயம், ஒரு வாரம் இருக்கும், பாதி ஆறியிருந்தது.

"ஒரு தடவ தப்பிச்சிருக்கு" என்றான். "ரெண்டாவது கூட்டம் நீங்கன்னு நெனச்சிருக்கும்."

"நான் சொல்லிப் பாத்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"பின்னால நீ பாடிக்கிட்டு வர்றேன்னு."

"அதான் பாஞ்சிருக்கு."

ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. வயிற்றைக் குச்சி வைத்துத் திறந்து நிறுத்தி, என் சிவப்புத் துணியைப் புதரில் கட்டினோம். பனி மோட்டாரில் வந்து எடுப்பவர்களுக்கு அடையாளம். விதி அதோடு முடிகிறது. இனி க்ளெமென்ட் போகலாம். அவன் நாய்கள் கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தன. பார்த்தாலே தெரிந்தது, முன்னே போன நான்கு வண்டிகளில் இரண்டையாவது அன்று பிடித்துவிடும்.

நான் என் நாய்களைக் கிளப்பினேன். ஜிஞ்சர் படுத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்பது வயது. என்னோடு ஆறு பந்தயம் ஓடியவள். படுத்த இடத்திலிருந்து அந்த உடலைப் பார்த்து நடுங்கினாள். பெப்பரை முன்னால் விட்டேன், அவன் நொண்டிக்கொண்டு பின்வாங்கினான். வேறு இரண்டை மாற்றிக் கட்டினேன், அவையும் கிடந்தன. முன்னே ஓட நாய் இல்லாவிட்டால் வண்டி வெறும் மரம். பைக்குள் க்ளோவின் மூச்சு கரகரத்தது.

க்ளெமென்ட் தன் வண்டியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவள உன் வண்டியில ஏத்திக்க முடியுமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே விடை தெரியும். ஒருவர் நாய் இன்னொருவர் வண்டியில் ஏறினால் இரண்டு பேரும் பந்தயத்திலிருந்து வெளியே. ஆனாலும் கேட்டேன்.

"ஏத்துறேன்" என்றான் உடனே. பிறகு என் நாய்களைப் பார்த்தான். "ஆனா நான் அவளக் கொண்டுபோயிட்டா இந்த ஒன்பதும் நீங்களும் இங்கயே கெடப்பீங்க. மைனஸ் நாப்பதுல. அது சரிப்படாது. நான் முன்னால போறேன், என் வாலப் பிடிச்சுக்கிட்டு வாங்க. என் நாய்ங்களுக்கும் இன்னிக்கு வயிறு சரியில்ல, மெதுவாத்தான் போகும்."

அவன் நாய்களுக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது.

தன் வண்டியை என் வண்டிக்கு முன்னே கொண்டுவந்து, மூஸைத் தாண்டி மெல்ல நகர்த்தினான். ஓடும் நாயைக் கண்டால் துரத்துவது நாயின் சுபாவம். ஜிஞ்சர் எழுந்தாள். ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

முப்பது மைல் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். முப்பது மைலும் அவன் வலது கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. அவன் வண்டி பனியில் கிழித்த இரட்டைக் கோடு என் முன்னே அறுபடாமல் நீண்டது. நாங்கள் இருபதடி பின்தங்கினால் அழுத்துவான். நெருங்கினால் விடுவான். இரண்டு மணி நேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு வண்டி தாண்டியது, இன்னும் சற்று நேரத்தில் இன்னொன்று. இரண்டாவது ஆள் கத்தினான்:

"என்ன க்ளெமென்ட், ஊர்வலமா?"

"ஆமா. மாலை போடணும்னா முன்னால போய் ஊர்ல நில்லு."

பிர்ச் லேண்டிங்கில் சாவடி வாசலிலேயே மருத்துவர் லிண்ட் நின்றிருந்தார். தாண்டிப் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். க்ளோவை மேசையில் கிடத்தி, மார்பில் ஊசி போட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்தார். மூன்று விலா முறிந்திருந்தது. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தது.

"பொழச்சுக்குவாளா?"

"இப்ப மூச்சு விடறா. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். உங்க வயித்தக் காட்டுங்க."

"அவளப் பாருங்க முதல்ல."

"நான் நாய் டாக்டர்தான், ஆனா எனக்குக் கண்ணு இருக்கு. காட்டுங்க."

உள்ளங்கை அளவுக்குத் தோல் இல்லை. குழலின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. அவர் மருந்து தடவிக் கட்டும்போது பந்தய நடுவர் வந்து ஒரு தாளை நீட்டினார். மூஸைச் சுட்டால் எழுதித்தர வேண்டியது. எங்கே, எப்போது, எத்தனை குண்டு, ஏன். எத்தனை குண்டு என்ற இடத்தில் "மூன்று, ஒன்று வெடிக்கவில்லை" என்று எழுதினேன். அவர் காரணம் கேட்டார். துப்பாக்கி கதகதப்பான இடத்திலிருந்து குளிருக்குப் போனது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எங்கே, யார் என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் ஆற்றங்கரையில் எந்தச் செய்தியும் ஓரிடத்தில் நிற்பதில்லை.

பத்து நிமிடத்தில் சாவடித் தொலைபேசி அடித்தது. ஃபெடோரா.

"டெல்ஃபின்." அடுத்த மூச்சிலேயே, "பையில இருந்துச்சா? கோட்டுலயா?"

"ஆமா."

"நான் பையத் தொட்டே பாக்கல. வெறச்சுப் போயிருந்துச்சு, அப்படியே மொத்தமாத் தூக்கிட்டு வந்தேன். ஐயோ, நான்தானே கொண்டுவந்தேன்."

"ஃபெடோரா, நான் சொல்றதக் கேளுங்க. உங்க அடுப்புக்கு முன்னால நின்னு, அது வேர்த்திருக்கிறத நான் என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் கெளம்பினேன். அது என்னோட அவசரம்."

"இருந்தாலும்..."

"இன்னொண்ணு. மூஸ் முன்னால பத்து நிமிஷம் நின்னேன். அப்புறம் அது வயித்துல கை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னேன். அப்புறம் முப்பது மைல். நனஞ்ச கோட்டோட இருந்திருந்தா அந்தப் பத்து நிமிஷத்துலயே என் கை எதையும் பிடிச்சிருக்காது. விசை இளகினப்ப இழுக்குறதுக்கு எனக்கு விரல் இருந்துச்சு. அது நீங்க காயவச்ச கோட்டு."

அவள் அழுதாள். நான் சமாதானப்படுத்தப் பொய் சொல்லவில்லை. அவள் கருணையால்தான் துப்பாக்கி உறைந்தது, அதே கருணையால்தான் கை உறையவில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. வழியெல்லாம் யோசித்துவிட்டு, முழுவதற்கும் நன்றி சொல்வதென்று முடிவு செய்திருந்தேன். சொன்னேன்.

பந்தயத்திலிருந்து விலகுவதாகவும் எழுதிக் கொடுத்தேன். ஜிஞ்சரை அந்த வழியில் இனி இந்த வருடம் முன்னே நிறுத்த எனக்கு மனமில்லை.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஊர் ஆட்கள் மூன்று பனி மோட்டாரில் இறைச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மெலிந்த மிருகம்தான், ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் மீன் கிடைக்காத வீடுகளுக்கும் வசந்தம் வரை வரும் என்றார்கள். ஒரு பெண்மணி எலும்புச் சாறு காய்ச்சி ஒரு பானை கொண்டுவந்து என் முன் வைத்துவிட்டு, என் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள்.

லிண்ட் க்ளோவுக்குத் திட உணவு கூடாது என்றார், சாறு கொடுக்கலாம், குடித்தால் நல்லது என்றார். சிறு கிண்ணத்தில் ஆறவைத்து அவள் மூக்கருகே பிடித்தேன். திரும்பிக்கொண்டாள். விரலை நனைத்து உதட்டில் தடவினேன். நாக்கு வரவில்லை. மறுபடி தடவினேன். தரையில் அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, அவள் மூச்சை என் மூச்சோடு சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். எப்போதோ ஒரு முறை விரலில் சொரசொரப்பாக ஏதோ பட்டது. நக்கினாள். பிறகு தலையைத் தூக்கிக் கிண்ணத்தைத் தேடினாள்.

கதவு திறந்தது. க்ளெமென்ட், கிளம்பத் தயாராக, கையுறை மாட்டிக்கொண்டு நின்றான். அவன் இப்போது ஏழாவது இடம்.

"குடிச்சாளா?"

"அரைக் கிண்ணம்."

அவன் வந்து குனிந்து பார்த்தான். க்ளோவ் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குடித்தாள்.

"மாப்ளே," என்றேன். "உன் நாய்ங்களுக்கு வயிறு..."

"சரியாயிருச்சு" என்றான். "மிச்சம் இருக்குற சாற நீங்க குடிங்க மதினி. அவளவிட நீங்கதான் பாக்கச் சகிக்கல."

கதவைச் சாத்திக்கொண்டு போனான். வெளியே அவன் நாய்கள் ஊளையிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது, பிறகு சறுக்குக் கட்டைகள் பனியில் உரசும் சத்தம். அது ஆற்றுக்கு இறங்கித் தேய்ந்து மறையும் வரை நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். க்ளோவ் அதை நக்கிக் காலி செய்தாள்.